தோலில் தெரிவது ஓரிடம், தொட்டது வேறிடம்

தோலில் அரிப்பும் தடிப்பும் கண்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "புதுசா ஏதாவது போட்டியா?" என்பதுதான். மருந்துக்கடையிலும் அதே கேள்வி. கூட்டம் மிகுந்த கிளினிக்கில் மருத்துவரும் சில வேளை அதையே கேட்டுவிட்டு ஒரு களிம்பை எழுதித் தருகிறார். இல்லை என்று பதில் சொன்னதும் பூசும் பொருள்கள் மீதான சந்தேகம் நீங்கி, பழி கத்திரிக்காய் மீதும் கருவாட்டின் மீதும் விழுந்துவிடுகிறது. தோலில் பட்ட பொருளால் வரும் தொடு ஒவ்வாமையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி பல நேரம் நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது என்பது என் எண்ணம். இந்த ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் பெரும்பாலும் புதியதாக இருப்பதில்லை. தலையிலும் நெற்றியிலும் கையிலும் ஆண்டுக்கணக்காகப் பழகி, யாரும் ஐயப்படாத பொருளாகவே இருக்கிறது.

நான் மருத்துவர் அல்லள். எனக்கு நிக்கலும் சில வாசனைப் பொருள்களும் ஆகாது என்று பேட்ச் டெஸ்டில் (சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) தெரியவந்த பிறகு, உறவில் யாருக்குத் தோலில் எது வந்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் மருத்துவரிடம் போவது என்றொரு வழக்கம் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தவற்றை ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். துணி சோடாவிலும் பாத்திரம் துலக்கும் திரவத்திலும் நாள் முழுவதும் கை நனைந்தால் யாருக்கும் தோல் வெடிக்கும்; அது எரிச்சல், ஒவ்வாமை அன்று. தொடுவதால் வரும் தோலழற்சிகளில் பெரும்பாலானவை இந்த எரிச்சல் வகையைச் சேர்ந்தவையே. ஒவ்வாமை வேறு விதமாக நிகழ்கிறது. 500 டால்டனுக்கும் குறைவான மூலக்கூற்று எடையுள்ள ஒரு சிறு வேதிப்பொருள் தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போய் நம் உடலின் புரதமொன்றுடன் ஒட்டிக்கொள்கிறது. தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்ட, அங்கே டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் அதை அந்நியப் பொருளாக நினைவில் பதித்துக்கொள்கின்றன. இதற்குக் குறைந்தது 10 முதல் 14 நாள்கள் ஆகும் என்றாலும், பலருக்கு இது பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகே நிகழ்கிறது. ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை. அதன் பின்னர் அப்பொருள் தோலில் பட்ட ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் அரிப்பும் கொப்புளமும் எழுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசியதற்குச் செவ்வாய்க்கிழமை வீங்கினால், திங்களன்று சாப்பிட்ட மீன்மீது பழி போடுவது இயல்புதானே.

காலம் இப்படி ஏமாற்றுவதுபோல இடமும் ஏமாற்றும். கண்ணிமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. அதில் அரிப்பு வந்தால் எல்லாரும் கண்மையைத்தான் சந்தேகிப்பார்கள். என் சித்தி மகளுக்கு இமைகளிலும் கழுத்தின் ஒரு பக்கத்திலும் திட்டுத் திட்டாகத் தடித்தது. கண்மையை நிறுத்தினாள், முகப்பூச்சை நிறுத்தினாள், பயனில்லை. கடைசியில் குற்றவாளி அவளுடைய நகப்பூச்சு. நகம் என்னும் கெட்டியான தகட்டுக்கு ஒன்றும் ஆகாது; பூச்சு முழுவதும் காய்வதற்குள் அந்த விரல் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் தோல் அழற்சி கொள்ளும். நகப்பூச்சில் சேர்க்கப்படும் டொலுவீன் சல்ஃபோனமைடு ஃபார்மால்டிஹைடு பிசின் இதற்குப் பேர்போனது. இப்போது பரவிவரும் ஜெல் நகங்களில் இந்தப் பிசினுக்குப் பதிலாக அக்ரிலேட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஒவ்வாமை பெருகியதால், அவற்றுள் முக்கியமான ஹெமா என்பதைத் தொழில்முறை அழகுக்கலைஞர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதி கொண்டுவந்தது. வீட்டிலேயே விளக்கு வைத்து உலர்த்திக்கொள்ளும் கிட்டுகளை வாங்குபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. நாமே பூசாத பொருளும் வரலாம்: மனைவியின் தலைச்சாயம் கணவரின் கன்னத்திலும், கணவரின் வாசனைத் திரவியம் மனைவியின் கழுத்திலும் ஒவ்வாமையாக வெளிப்படுவது தோல் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி.

இடத்தைக் கூர்ந்து பார்த்துப் பொருளைக் கண்டுபிடித்ததற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு சேங்கொட்டை. சலவைக்குப் போடும் துணிகள் கலந்துவிடாமலிருக்கச் சலவைத் தொழிலாளர்கள் சட்டைக் கழுத்துப் பட்டையின் உட்புறம் அதன் சாற்றால் குறியிடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிடரியில் கொப்புளம் கிளம்ப, குறி பட்ட இடத்திலேயே அது இருப்பதைக் கண்டு காரணத்தைப் பிடித்தார்கள். சேங்கொட்டை, முந்திரி, மாமரம் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலும் மாங்காய்ப் பாலிலும் சேங்கொட்டைச் சாற்றில் உள்ளதற்கு உறவான பொருள்களே இருக்கின்றன. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்களையும், மாம்பழக் காலத்தில் சில பிள்ளைகளின் உதட்டோரத்தையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். இயற்கையானது என்பதால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையை நான் கைவிடுவதற்கு இந்த ஒரு குடும்பமே போதுமானதாக இருந்தது.

இனி ஹேர் டை. நம்மிடையே மிகக் கடுமையான விளைவுகளை உண்டாக்கும் பொருள் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதில் கருமையைத் தருவது பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி. தனியாக இருக்கும்போது ஏறக்குறைய நிறமற்றதாக உள்ள இது, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றியுடன் கலந்ததும் வினைபுரிந்து, முடியின் உள்ளேயே பெரிய நிற மூலக்கூறுகளாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. ஒவ்வாமைக்கும் இந்த வினைபுரியும் தன்மையே காரணம். பாதி வினை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் அது தோலில் படுகிறது. தலைத்தோல் தடிமனானது என்பதால் பல நேரம் அது தாங்கிக்கொள்ளும். நெற்றி மேட்டிலும் காது மடலிலும் பிடரியிலும் முதலில் அரிக்கும், மறுநாள் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். என் அத்தைக்கு இப்படி வந்தபோது அவர் அதே நிறுவனத்தின் அதே நிறத்தைப் பல ஆண்டுகளாகப் பூசிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா ஒண்ணும் செய்யாதது இப்ப மட்டும் என்ன செய்யும்?" என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஒவ்வாமை அந்த நியாயத்தின்படி நடப்பதில்லை.

பெட்டியின் மேலுள்ள சொற்கள் இங்கே மிகுந்த குழப்பத்தை உண்டாக்குகின்றன. "அம்மோனியா இல்லாதது" என்றால் பி.பி.டி. இல்லாதது என்று பொருளன்று. அம்மோனியா முடியின் வெளிச்செதிலைத் திறப்பதற்காகச் சேர்க்கப்படுவது, அது இல்லாமலும் பி.பி.டி. இருக்கலாம். "ஹெர்பல்" என்று எழுதி மருதாணி இலைப் படம் போட்ட பொடிப் பாக்கெட்டுகள் பலவற்றிலும் இது இருக்கிறது. உண்மையான மருதாணி செம்பழுப்பு நிறத்தைத்தான் தரும், அதற்கும் பல மணி நேரம் வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முடியைக் கன்னங்கரேலென்று ஆக்கும் "கருப்பு மருதாணி" மருதாணியால் மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. அதே கரும் பசையைக் கோயில் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் குழந்தைகளின் கையில் கோலமாகப் போட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய விதியின்படி முடியில் பூசும் கலவையிலேயே பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தோலில் நேரடியாகப் பூசவே கூடாது. இந்தப் பசையிலோ அளவு என்ன என்று யாருக்கும் தெரியாது. கோலம் போட்ட வரிகளின் மேலேயே கொப்புளம் எழுந்து, ஆறிய பின்னும் அந்த வடிவம் தழும்பாகத் தங்கிவிடுவதுண்டு. அப்படி ஒருமுறை பதிந்துவிட்ட குழந்தை, இருபது ஆண்டுகள் கழித்து முதன்முறை தலைக்குச் சாயம் பூசும்போதே முகம் வீங்கி மருத்துவமனைக்குப் போக நேரிடலாம். பி.பி.டி. ஆகாதவர்களுக்கு, மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் உள்ள பென்சோகெய்னும், அடர் நிறத் துணிச் சாயங்கள் சிலவும் ஆகாமல் போகலாம்.

ஹேர் டை பெட்டியில் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது பூசி 24 மணி நேரம் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை இந்தியச் சட்டப்படியே அச்சிடப்படுகிறது. அதைப் படித்துச் செய்பவர்கள் அரிது; செய்பவர்களும் ஒரு நாளோடு நிறுத்திவிடக்கூடாது என்பேன். இந்த ஒவ்வாமை முழுவதும் வெளிப்பட 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கலாம். மேலும் சென்ற முறை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறைக்குச் சான்றாகாது.

நெற்றி தனிக் கதை. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின் இருந்தால், அது அரிப்பைத் தருவதோடு நிறமிச் செல்களையும் கொன்றுவிடும். பொட்டு வைத்த வட்டத்திலேயே தோல் வெளுக்கிறது. சிலருக்கு முன்னதாக அரிப்புக்கூட இருப்பதில்லை. வெண்புள்ளி நோய் வந்துவிட்டதாக அஞ்சி, அந்த இடத்தை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோல்செருப்பை ஒட்டும் பசையிலும் கைக்கடிகார வார்ப் பசையிலும் இதே பிசின் பயன்படுகிறது. குங்குமம் இதற்கு நேர்மாறாகக் கறுப்பை உண்டாக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் வேறு; கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்புக்குப் பெரும்பாலும் அசோ என்ற வகைச் செயற்கைச் சாயங்களே காரணம். சில தரங்களில் வாசனைப் பொருளும் கூடச் சேர்க்கப்படுகிறது.

இந்தக் கறுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடநூல்களும் விளம்பரங்களும் ஒவ்வாமை என்றால் சிவந்து தடிப்பது என்று காட்டுகின்றன. அது வெள்ளைத் தோலின் படம். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சாம்பல் பூத்த பழுப்பாக, நெற்றியிலும் கன்ன ஓரத்திலும் கழுத்திலும் மெல்லப் படர்வதை மங்கு என்று எண்ணி, அதற்கு இன்னொரு வாசனைக் கிரீமைப் பூசுகிறோம். ஜப்பானில் 1970களில் பெண்களின் முகம் இப்படிக் கறுத்தபோது ஆராய்ந்தவர்கள், சிவப்புச் சாயமொன்றில் மாசாகக் கலந்திருந்த சூடான் 1 என்பதை ஒரு முக்கியக் காரணமாகக் கண்டார்கள். அரிப்பு பெரிதாக இல்லாமலேயே கறுக்கும் ஒவ்வாமை என்று அதன் பிறகே தோல் மருத்துவம் அதைத் தெளிவாக அடையாளம் கண்டது. முகத்தில் வரும் எல்லாக் கறுப்பும் வெயிலாலும் ஹார்மோனாலும் வருவதல்ல என்பதற்கு அதுவே போதும்.

நிக்கலைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காது குத்திய பின் முதலில் போடும் மலிவான தோடுதான் பெரும்பாலும் இதைப் பதியவைக்கிறது. கவரிங் நகையின் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்து வியர்வை பட்டதும் அது கரைந்து வெளிவரும். "ஜெர்மன் சில்வர்" என்று இப்போது நாகரிகமாக விற்கும் நகைகளில் வெள்ளி கொஞ்சமும் இல்லை, செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான். ஜீன்ஸ் பொத்தான் படும் தொப்புளுக்குக் கீழ், கடிகாரக் கொக்கி படும் மணிக்கட்டு, சேலைக்கு ஊக்கு குத்தும் தோள் ஆகிய இடங்களைப் பாருங்கள். டைமீத்தைல்கிளையாக்சிம் கொண்ட சிறு சோதனைக் குப்பிகள் கிடைக்கின்றன. பஞ்சில் தொட்டு உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளியாகும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். என் மேசை இழுப்பறையில் இருந்த ஊக்குகளில் பெரும்பாலானவை பஞ்சைச் சிவக்கவைத்தன. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளியிடக்கூடாது என்று ஐரோப்பாவில் 1994இலேயே உத்தரவு போட்டார்கள்.

வாசனைப் பொருள்களும், கெடாமல் காக்கச் சேர்க்கும் பதப்படுத்திகளும்தான் அழகுசாதனங்களில் மிகுதியாக ஒவ்வாமை தருபவை, பட்டியலில் கண்டுபிடிக்கக் கடினமானவையும் அவையே. "பர்ஃப்யூம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஐரோப்பாவில் 2005 முதல் 26 வாசனைப் பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்றிருந்தது. 2023இல் அந்த எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. லவங்கத்தில் உள்ள யூஜினால், பட்டையில் உள்ள சின்னமால், லாவண்டரின் லினலூல், ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் எல்லாம் அதில் உண்டு. கடைசி இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் உருவாகும் பொருள்களே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. பாதி தீர்ந்து அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் எண்ணெய்ப் புட்டி, வாங்கிய நாளைவிட இன்று வில்லங்கமானது.

பதப்படுத்திகளில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பெயரை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாராபென்கள் என்ற பழைய பதப்படுத்திகளுக்கு எதிராக இணையத்தில் கிளம்பிய அச்சத்தால் நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டு இதுபோன்றவற்றுக்கு மாறின; ஈரத் துடைப்பான்களிலும் ஷாம்புகளிலும் இது பெருகிப் பெரும் ஒவ்வாமை அலையாகவே எழுந்தது. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013இல் இதை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசி அப்படியே விடும் பொருள்களில் இதை 2017இல் ஐரோப்பா தடை செய்தது. அதே சங்கம் 2019இல் பாராபென்களை அவ்வாண்டின் "ஒவ்வாமை தராத பொருள்" என்று அறிவித்ததை நம்மூர் விளம்பரங்கள் இன்னும் கேள்விப்படவில்லை போலும். சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டிலும் மெத்தில்ஐசோதயசோலினோன் இருப்பதால், புதிதாக வர்ணம் பூசிய அறையில் படுத்தாலே சிலருக்கு முகம் வீங்குகிறது. டி.எம்.டி.எம். ஹைடன்டாயின், இமிடஸோலிடினைல் யூரியா போன்றவை சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுப் பொருளைக் கெடாமல் காக்கின்றன. ஃபார்மால்டிஹைடு ஆகாதவர்கள் அந்தப் பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும்.

மருந்தே காரணமாவதும் உண்டு. புண்ணுக்குப் போடும் நியோமைசின் பொடியும் நைட்ரோஃபுரசோன் களிம்பும் இந்தியாவில் அடிக்கடி ஒவ்வாமை தருபவை. புண் ஆறாமல் சுற்றிலும் அரித்தால் மருந்தை ஐயப்பட வேண்டும். ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்து மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் களிம்புகள் அரிப்பைத் தற்காலிகமாக அமுக்கி, தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகின்றன. பாதத்தின் மேற்புறத்தில் வார் பட்ட வடிவத்தில் வந்தால் ரப்பர் செருப்பிலுள்ள மெர்கேப்டோபென்சோதயசோல் ஒரு சந்தேகம். தோல்செருப்பானால் பதனிடப் பயன்படும் குரோமியம். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளர்களையும் சிமென்ட் குழைக்கும் கொத்தனார்களையும் வாட்டுவது இதே குரோமியம்தான்.

இவையெல்லாம் சந்தேகங்கள் மட்டுமே. உறுதிசெய்யப் பேட்ச் டெஸ்ட் வேண்டும். 1895இல் யாதாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் பாதரசத்தை வைத்துத் தொடங்கிய முறை, அடிப்படையில் இன்றும் அப்படியே இருக்கிறது. எனக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்தார்கள். 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு அலுமினியக் கிண்ணங்கள் வரிசையாகப் பதித்த பிளாஸ்திரியில், ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் பெட்ரோலியம் ஜெல்லியில் கலந்து வைத்து, மேல் முதுகில் ஒட்டி, ஓரங்களில் பேனாவால் குறியிட்டார்கள். ஒரு கிண்ணத்தில் வெறும் ஜெல்லி, ஒப்பிடுவதற்கு. "முதுகு நனையக்கூடாதும்மா, வேர்க்காம பார்த்துக்கோங்க" என்றார் செவிலியர். நம் கோடையில் அது நடக்கிற காரியமா? ஆகவே அக்னி நட்சத்திரத்தில் இதற்குப் போகாதீர்கள். 48 மணி நேரம் கழித்துப் பிளாஸ்திரியைப் பிரித்ததும் நிக்கல் இருந்த இடத்தில் சிறு சிறு பருக்கள் கூட்டமாக எழுந்து அரித்தன. வாசனைக் கலவையின் இடம் அன்று வெறுமையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் அது தடித்திருந்தது. முதல் நாள் பார்வையோடு முடித்து அனுப்பியிருந்தால் பாதி விடை கிடைக்காமலே போயிருக்கும். இரண்டாம் முறை கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால் முடிவு பொய்க்கும் என்பதால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்திய நிலைமைக்கென்று தொகுத்த தரப் பட்டியலில் இருபது பொருள்கள் வரை இருக்கின்றன; நம் வயல்வெளிகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியமும் அதில் ஒன்று.

பரிசோதனைக் கூடங்கள் பெரும் தொகைக்கு விற்கும் இரத்த அலர்ஜிப் பட்டியல் இதற்கு உதவாது. அது ஐஜிஇ என்னும் எதிர்ப்புப்பொருளை அளக்கிறது. தொடு ஒவ்வாமையோ டி செல்களின் வேலை. அந்த நீண்ட பட்டியலைப் பார்த்துவிட்டு முட்டையையும் பாலையும் நிறுத்தியவர்களின் முகத்தில் குங்குமத்தின் கறுப்பு அப்படியேதான் இருக்கும்.

முடிவு கிடைத்ததும் அந்தப் பொருளின் எல்லாப் பெயர்களையும் எழுதி வாங்கிக்கொண்டு அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பது கடையில் பெரிதும் உதவும். பட்டியல் எழுத்துகள் பொடிப்பொடியாக இருப்பதால் அதையும் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் நான் வாங்குகிறேன். புதிய கிரீமையோ உடல் எண்ணெயையோ முகத்தில் பூசுவதற்கு முன், முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரே இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பூசிப் பார்க்கலாம். பூசியபின் கழுவாமல் விடும் பொருள்களுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். சோப்பையும் ஷாம்புவையும் இப்படிச் சோதித்தால் வெறும் எரிச்சலை ஒவ்வாமை என்று எண்ணிவிடுவோம். ஹேர் டைக்கு ஒருமுறை முகம் வீங்கியவர்கள் எந்தச் சோதனையையும் வீட்டில் செய்யக்கூடாது. பி.பி.டி. இல்லை என்று சொல்லி விற்கப்படும் சாயங்களில் உள்ள டொலுவீன்-2,5-டையமினும் அவர்களில் கணிசமானோருக்கு ஆகாது என்பதால், அவற்றையும் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் சோதித்த பிறகே தொட வேண்டும்.